பருவுக்கு க்ரீம் வாங்கும் முன்

"என் தோழிக்கு இதே க்ரீம் நன்றாகக் கேட்டது டாக்டர், எனக்குத்தான் மோசமாகிவிட்டது." பருவோடு வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. பெரும்பாலும் க்ரீமைக் குறை சொல்ல முடியாது. தோழியின் முகத்தில் இருந்தது ஒரு வகை, இவர் முகத்தில் இருப்பது இன்னொரு வகை.

எண்ணெய்ச் சுரப்பிகள் ஆண்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலால் அதிகம் சுரக்கும்போது, உதிர வேண்டிய செல்கள் அந்த எண்ணெயோடு சேர்ந்து மயிர்க்கால் துளையை அடைத்துக்கொள்கின்றன. துளையின் வாய் மூடியிருந்தால் ஒயிட்ஹெட், திறந்திருந்தால் பிளாக்ஹெட். பிளாக்ஹெட்டின் கறுப்பு அழுக்கினால் வருவதல்ல. மெலனினும், காற்றுப் பட்டு மாறிய எண்ணெயும்தான் அந்த நிறத்துக்குக் காரணம். தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் எரிச்சல்தான் மிச்சம். இந்த வகைக்கு அடாபலின் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) களிம்பு நல்ல தேர்வு (கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்). இரவில் பட்டாணி அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுக்க மெல்லியதாகப் பூச வேண்டும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஆனால் இரண்டாவது வாரம் தோல் உரிவதைப் பார்த்துப் பலரும் ட்யூபைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

அடைபட்ட துளைக்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகி அழற்சியும் சேர்ந்தால், சிவந்து வலிக்கும் பரு. நுனியில் சீழ் கோத்தால் சீழ்ப்பரு. இவற்றுக்கு பென்சாயில் பெராக்சைடு களிம்பு கைகொடுக்கும். 10% வாங்கினால் சீக்கிரம் போகும் என்று நினைக்க வேண்டாம், 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், எரிச்சலும் குறைவு. தலையணை உறை வெளுத்துப் போகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் களிம்பை மட்டும் தனியாக மாதக்கணக்கில் பூசுவது வேண்டாம். பாக்டீரியா அதற்குப் பழகிவிடும், அப்புறம் மருந்து கேட்காது.

தோலுக்கு அடியில் கல் மாதிரி இறுகி வலிக்கும் கட்டிகளும் நீர்க்கட்டிகளும்தான் தழும்பை விட்டுப்போகும் ரகம். பிதுக்கினால் சீழ் உள்ளேயே உடைந்து பரவும். இதற்குக் கடையில் க்ரீம் தேடி நாளைக் கடத்தாமல் நேரே டாக்டரிடம் போய்விடுங்கள். தேவைப்பட்டால் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தருவோம். கர்ப்பத்தில் அது சிசுவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால், அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடும் பழக்கம் இங்கே ஆபத்தானது.

பெண்களுக்குத் தாடை ஓரமாக, மாதவிடாய்க்கு முன் கிளம்பும் பருவோடு, மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, பருவே அல்லாத 'பரு'க்களும் உண்டு. என்னைக் கேட்டால் அதிகம் ஏமாற்றுபவை இவைதான். முகத்தில் ஒரு பிளாக்ஹெட்டோ ஒயிட்ஹெட்டோகூட இல்லையென்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில் பொரிப்பொரியாக வந்து அரித்தால், மலசீசியா என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கூடும், பூஞ்சை மருந்துக்குத்தான் அடங்கும். நடுத்தர வயதில் கன்னமும் மூக்கும் அடிக்கடி சிவந்து, அதன் மேல் பரு கிளம்பினால் ரோசேசியாவாக இருக்கலாம். பருவுக்கான வீரியமான க்ரீம்களை அந்தத் தோல் தாங்காது.

இன்னொன்று, நிறம் கூட்டும் க்ரீம் என்று வாங்கிப் பூசியதில் ஸ்டீராய்டு கலந்திருப்பது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் ஒரே மாதிரியான சிவந்த பருக்கள் வரிசையாக வரும், தோல் மெலியும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் சில நாளில் இன்னும் கூடும். அதைப் பார்த்துப் பயந்து பழைய க்ரீமுக்கே திரும்பிவிடுகிறார்கள். எப்படி நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்வார். போகும்போது பூசிய எல்லா ட்யூபையும், பெயர் தெரியாத டப்பா உட்பட, கையோடு எடுத்துப் போங்கள்.