டெட்லைன்: கெடுவா, சொன்ன நாளா?

பெங்களூர் வைட்ஃபீல்டில் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், மதுரைக்காரர், போன மாதம் கேட்டார்: “அக்கா, டெட்லைனுக்குத் தமிழ்ல என்ன?” காலக்கெடு என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசனை வந்தது. நாங்கள் நாள் முழுக்கச் சொல்லும் டெட்லைன்கள் எல்லாமே காலக்கெடுதானா?

முதலில் ஆங்கிலச் சொல்லின் கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் என்ற ஊரில் தென்மாநிலப் படை ஒரு போர்க்கைதி முகாமைத் திறந்தது. சுற்றிலும் உயரமான மரச்சுவர். அதற்கு ஏறத்தாழ 19 அடி உட்புறமாகத் தாழ்வான ஒரு மரவேலி. அந்த வேலியைத் தாண்டும் கைதியைக் காவல் மேடையில் நிற்பவர் எச்சரிக்காமலே சுடலாம். அந்த வேலிக்குப் பெயர்தான் டெட் லைன். முகாம் இருந்த 14 மாதங்களில் அடைக்கப்பட்டவர்கள் சுமார் 45,000 பேர். ஏறத்தாழ 13,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் நோயாலும் பசியாலும். முகாமின் தளபதி ஹென்றி விர்ஸை 1865 நவம்பரில் தூக்கிலிட்டார்கள். அவர் மீதான விசாரணையில் இந்த வேலியும் பேசப்பட்டது.

பின்னாளில் அச்சகங்களில், எழுத்துகள் சரியாகப் பதியாத ஓரத்தைக் காட்டும் கோட்டுக்கும் இதே பெயர் வந்தது. 1920 வாக்கில் அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகங்களில் அது நேரத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இடத்தில் போட்ட கோடு காலத்துக்கு இடம் மாறியது. மிரட்டல் மட்டும் கூடவே வந்தது.

இனி தமிழுக்கு வருவோம். காலக்கெடுவில் உள்ள கெடுவைக் கெட்டுப்போவதோடு சேர்த்துப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பெங்களூரில் இருப்பவர்களுக்கு அந்தக் குழப்பம் எளிதில் தீரும். கன்னடச் செய்தித்தாளில் ‘கடுவு’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். முதல் எழுத்தைத் தங்கத்தில் வரும் ககரம் போல ஒலிக்க வேண்டும். குறித்த காலம், தவணை என்று பொருள். தெலுங்கிலும் உண்டு. நம் கெடு அந்த உறவுக்காரச் சொல். இதற்கு நேர்மாறானது ‘அவதி’. கன்னடத்தில் அது கால அளவு. பதவி அவதி என்றால் பதவிக்காலம். வடமொழியில் எல்லை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்க் காதில் விழும்போதோ துன்பமாகக் கேட்கிறது. பேருந்தில் அறிவிப்பைப் படித்துத் திகைத்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு.

வாய்தாவையும் சொல்ல வேண்டும். அரபியில் ‘வஅதா’ என்றால் வாக்குறுதி. உருது வழியாக நம் நீதிமன்றங்களுக்கு வந்தது. கொடுத்த வாக்கு என்ற பொருளில் கிளம்பிய சொல், ‘வாய்தா வாங்குவது’ என்றாகி, தள்ளிப்போடுவதில் வந்து நிற்கிறது. வருத்தமான பயணம்தான். ஆனால் அதன் வேர் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அங்கே நாளைச் சொல்பவர் வேலையைச் செய்து தரப்போகிறவர்.

நம்மிடம் அதற்கு இன்னும் பழைய வடிவம் இருக்கிறது. சங்கப் பாடல்களின் முல்லைத் திணையில், வினைமேல் செல்லும் தலைவன் கார்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். குறித்த பருவம் என்பது அதுதான். யாரும் அவன்மேல் சுமத்தியதல்ல, அவனே தந்த நாள். சிவாஜிநகர் தையற்காரரிடம் “சொன்ன நாளுக்குக் கிடைச்சிடுமாண்ணே?” என்று கேட்கிறோமே, அதே பொருள்.

அதனால் டெட்லைனுக்கு ஒரே தமிழ்ச்சொல் போதாது என்பது என் முடிவு. வெளியிலிருந்து வந்து, நம்மால் நகர்த்த முடியாததைக் கெடு அல்லது காலக்கெடு எனலாம். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி. சம்பளக்காரர்களின் வருமானவரிக் கணக்குக்கு ஜூலை 31. அரசு நீட்டித்தாலொழிய நகராது. வேலை செய்பவர் யோசித்து ஒப்புக்கொண்டதைச் சொன்ன நாள் என்றே சொல்லலாம். பேச்சுவழக்கு என்று தயங்க வேண்டியதில்லை.

இந்த வேறுபாட்டை நான் அடிபட்டுத்தான் கற்றேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், மேலாளர் எங்களைக் கேட்காமலே வாடிக்கையாளருக்கு ஒரு தேதியைக் கொடுத்துவிட்டு வந்தார். அது கெடு என்றே எங்களிடம் சொன்னார். இரண்டு இரவு கண்விழித்தோம். சோதித்துப் பார்க்க நேரமில்லாமல் அனுப்பினோம்; மறுவாரம் முழுக்கப் பிழை திருத்தினோம். பிறகுதான் தெரிந்தது, வாடிக்கையாளருக்கு அந்த வெள்ளிக்கிழமையில் எந்த அவசரமும் இருந்திருக்கவில்லை. மேலாளராகத்தான் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். திட்டமிடுபவர் முதலில் கேட்க வேண்டியது “இந்தத் தேதி யாருடையது?” என்பதைத்தான். யாருடையதும் இல்லை என்றால், வேலையைச் செய்பவரிடம் போய் “உனக்கு எத்தனை நாள் வேணும்?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவர் சொல்லும் நாள் அதிகமாகத் தெரிந்தால், நாளை வெட்டுவதற்கு முன் வேலையில் எதை விடலாம் என்று சேர்ந்து பார்க்க வேண்டும்.

இப்போது எங்கள் குழுவின் பலகையில் தேதிக்கு இரண்டு பத்திகள்: கெடு, சொன்ன நாள். மதுரைத் தம்பி தன் முதல் வேலைக்குச் சொன்ன நாளாகச் செவ்வாய் என்று எழுதினார். சோதனைக்கும் சேர்த்தா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். அழித்துவிட்டு வியாழன் என்று எழுதினார்.