ஹாஸ்கெலில் தொடாமல் பார்ப்பது எப்படி?

ஹாஸ்கெல் மொழியைப் புதிதாகப் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பைத்தானில் ஒரு லிஸ்ட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க பிரிண்ட் போட்டால் போதும். ஹாஸ்கெலில் பிரிண்ட் போடும்போதுதான் அந்த லிஸ்ட்டே உருவாகிறது என்கிறார்கள். அப்படியானால் அதற்கு முன்னால் அங்கே இருந்தது என்ன? அதைப் பார்க்கவே முடியாதா?"

பார்க்க முடியும். அதைச் செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தர்க்கவியல் அறிஞர் ஹாஸ்கெல் கரியின் பெயரைத் தாங்கிய இந்த மொழியின் முதல் வரையறை 1990இல் வெளிவந்தது. இதில் எந்தக் கணக்கும், அதன் விடை தேவைப்படும்வரை நடக்காது. அதுவரை "இதை இப்படிக் கணக்கிட வேண்டும்" என்ற குறிப்பு மட்டும் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தக் குறிப்புக்கு தங்க் என்று பெயர். ஒரு முறை விடை கிடைத்துவிட்டால், தங்க் இருந்த இடத்தை விடை பிடித்துக்கொள்ளும்; மறுபடி கணக்குப் போட வேண்டியதில்லை.

சிக்கல் இங்கேதான். பிரிண்ட் என்பதே "எல்லா விடையும் வேண்டும்" என்ற கோரிக்கை. தயிர் உறைந்ததா என்று கரண்டி விட்டுப் பார்த்தால் தயிர் உடைந்துவிடுவது போல, பிரிண்ட் போட்டதும் தங்க்குகள் எல்லாம் விடைகளாகிவிடும். முன்பிருந்த நிலை போய்விடும்.

ஹாஸ்கெலின் முக்கியமான கம்பைலர் ஜி.எச்.சி. அதனுடன் வரும், கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி விடை பார்க்கும் ஜி.எச்.சி.ஐ.யில் ஸ்பிரிண்ட் என்று ஒரு கட்டளை உண்டு. அது எதையும் கணக்கிடாமல், உள்ளதை உள்ளபடி காட்டும். கணக்கிடப்படாத இடத்தில் ஒரு அடிக்கோடு போடும். 1 முதல் 5 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை மேப் (ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரே ஃபங்ஷனைப் போடுவது) மூலம் ஒரு லிஸ்ட்டாக வரையறுத்து, ஸ்பிரிண்ட் செய்து பாருங்கள். வருவது வெறும் _ மட்டுமே. இப்போது லிஸ்ட்டின் நீளத்தைக் கேளுங்கள். 5 என்று வரும். மறுபடி ஸ்பிரிண்ட்: [_,_,_,_,_]. நீளம் தெரிய ஐந்து இடங்கள் போதும், இடங்களுக்குள் என்ன என்பது தேவையில்லை. இனி மூன்றாவது உறுப்பை மட்டும் கேளுங்கள், 9. மறுபடி ஸ்பிரிண்ட்: [_,_,9,_,_].

இந்தக் கடைசி வரியை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. யார் எதைக் கேட்டார்கள் என்ற வரலாறு அப்படியே அந்த லிஸ்ட்டில் பதிந்திருக்கிறது. (முயன்று பார்ப்பவர்கள் இது இன்ட் லிஸ்ட் என்று டைப்பைத் தெளிவாக எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெயர் எந்த எண் வகைக்கும் பொருந்தும் ஒரு ஃபங்ஷனாகவே நின்றுவிடும். எப்போதும் _ மட்டுமே வரும்.)

சரி, தொடாமல் எப்படிப் பார்க்கிறது? புரோகிராம் ஓடும்போது உருவாகும் பொருள்கள் தங்கும் இடம் ஹீப் நினைவகம். ஜி.எச்.சி.யின் ஹீப்பில் உள்ள ஒவ்வொரு பொருளின் முதல் சொல்லும் (சொல் என்பது நினைவக அலகு; 64 பிட் கணினியில் 8 பைட்) ஒரு முகவரி. தங்க் ஒன்றைக் கணக்கிட வேண்டுமானால், புரோகிராம் அந்த முகவரிக்குத் தாவும். அங்கே கணக்கைச் செய்யும் இயந்திரக் கட்டளைகள் இருக்கும். அழகு என்னவென்றால், அதே முகவரிக்குச் சற்று முன்னால், கட்டளைகளை ஒட்டியபடி, ஒரு சிறு அட்டவணையும் இருக்கிறது. அதன் பெயர் இன்ஃபோ டேபிள். இந்தப் பொருள் தங்க்கா, ஃபங்ஷனா, முடிந்த டேட்டாவா, இதற்குள் எத்தனை சுட்டிகள் (வேறு பொருள்களின் முகவரிகள்), எத்தனை வெறும் எண்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். டேட்டா என்றால் அதை உருவாக்கிய கன்ஸ்ட்ரக்டரின் பெயரும் அதன் வழியாகக் கிடைத்துவிடும்.

ஆக, முகவரி ஒன்றுதான். அங்கிருந்து முன்னோக்கிப் போனால் கணக்கு நடக்கும். பின்னோக்கிப் படித்தால் விவரம் கிடைக்கும். ஸ்பிரிண்ட் பின்னோக்கி மட்டுமே படிக்கிறது. தங்க் என்று அட்டவணை சொன்னால் ஒரு அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

இந்த அட்டவணை முதன்மையாக, இனித் தேவைப்படாத நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டருக்கானது. டைப் விவரங்களைக் கம்பைலர் நீக்கிவிடுவதால், ஓடும் புரோகிராமில் எது சுட்டி, எது எண் என்று வேறு வழியில் தெரியாது. எந்தக் கணக்கையும் கிளப்பாமல் ஹீப் முழுவதையும் சுற்றிவர கலெக்டருக்கு இந்த வரைபடம் வேண்டும். அதே வரைபடத்தை ஆய்வுக் கருவிகளும் பயன்படுத்திக்கொள்கின்றன. நீக்கப்பட்ட டைப்பை ஹீப்பில் கிடைக்கும் கன்ஸ்ட்ரக்டர்களை வைத்து மீட்டெடுக்கும் வேலையும் உண்டு. பெபே இபோரா, சைமன் மார்லோ, பெர்னி போப், ஆண்டி கில் நால்வரும் ஜி.எச்.சி.ஐ. டீபக்கர் (பிழை தேடும் கருவி) பற்றிய 2007ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதை விளக்கியிருக்கிறார்கள்.

இன்னொரு நுணுக்கம். தங்க்கின் முதல் சொல்லை அடுத்து ஒரு சொல் அளவு இடம் காலியாக விடப்பட்டிருக்கும். விடை வந்ததும் அதன் முகவரி அங்கே எழுதப்படும். முதல் சொல் "விடை அங்கே இருக்கிறது, போய்ப் பார்" என்ற வகை அட்டவணைக்கு மாற்றப்படும். அடுத்த முறை சுற்றிவரும் கார்பேஜ் கலெக்டர், இந்த இடைவழியையும் நீக்கி நேராக விடைக்கே சுட்டிவிடும்.

ஜோவாகிம் பிரைட்னர் எழுதிய ஜி.எச்.சி. ஹீப் வியூ, அதன் மேல் டென்னிஸ் ஃபெல்சிங் கட்டிய ஜி.எச்.சி. விஸ் இரண்டும் இதே விவரத்தைப் படமாகவே காட்டும். தலையில் 1, வாலில் தன்னையே சுட்டும் ஒரு லிஸ்ட்டை அதில் போட்டுப் பாருங்கள். பிரிண்ட் போட்டால் 1, 1, 1 என்று நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். படத்தில் தெரிவது தன்னையே சுட்டும் ஒரே ஒரு செல்தான். 64 பிட் கணினியில் அந்தச் செல்லின் அளவு 24 பைட். முடிவில்லாத லிஸ்ட் ஒன்று 24 பைட்டில் அடங்குகிறது!

இது வேடிக்கை பார்ப்பதற்கு மட்டுமல்ல. ஒரு வெப் சர்வரில் கோரிக்கைகளை எண்ணும் கவுன்ட்டர் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் "முந்தையது கூட்டல் 1" என்ற தங்க் சேர்கிறது. யாரும் கவுன்ட்டரைப் படிக்காவிட்டால், 10 லட்சம் கோரிக்கைக்குப் பிறகு அங்கே இருப்பது ஒரு எண் அல்ல, 10 லட்சம் தங்க்குகள் கொண்ட சங்கிலி. நினைவகம் ஏன் வீங்குகிறது என்று பார்க்க கவுன்ட்டரை பிரிண்ட் செய்தால், சங்கிலி அந்த நொடியே சுருங்கி ஒரே எண்ணாகிவிடும். தடயம் அழிந்துபோகும். தொடாமல் பார்க்கும் கருவி இல்லாமல் இந்தப் பிழையைப் பிடிப்பது பெரும்பாடு.

இப்படிப்பட்ட கருவிகளை உருவாக்குவதையும் ஆராய்ச்சியாகவே மதித்து நிதி தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதிய டைப் சிஸ்டம் ஒன்றை முன்வைத்தால் ஆய்வுக் கட்டுரையாகிறது. ஆனால் ஒரு டீபக்கரை அடுத்தடுத்த கம்பைலர் பதிப்புகளோடு ஒத்துப்போக வைப்பது எந்தக் கட்டுரையிலும் வராத வேலை. ஒவ்வொரு பதிப்பிலும் ஹீப்பின் அமைப்பு கொஞ்சம் மாறினாலும் கருவி உடைந்துவிடும். அதைச் சரிசெய்ய ஒருவர் சம்பளத்தோடு உட்கார வேண்டும்.

நிஜ சர்வரில் பார்க்க வேண்டுமானால் இப்போது ஜி.எச்.சி. டீபக் இருக்கிறது. ஓடும் புரோகிராமை அப்படியே நிறுத்திவைத்து, வேறொரு புரோகிராமிலிருந்து அதன் ஹீப்பைச் சுற்றிப் பார்க்கலாம். ஜி.எச்.சி. 9.2 முதல் இன்ஃபோ டேபிள் மேப் என்ற வசதியும் சேர்ந்திருக்கிறது. அதை வைத்து கம்பைல் செய்தால், ஒவ்வொரு தங்க்கும் உங்கள் சோர்ஸின் எந்த வரியில் பிறந்தது என்பதும் தெரியும். இப்படிக் கம்பைல் செய்த கோப்பின் அளவு கணிசமாக ஏறும் என்பதால், பிழை தேடுவதற்கென்று தனியாக ஒரு பில்டு வைத்துக்கொள்ளுங்கள்.