கெம்பஸ் படிப்பு இலவசம்தான், மாதச் செலவுக்கு என்ன வழி? மகாபொலவும் பர்சரியும்

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகப் பட்டம் படிக்கக் கற்பித்தல் கட்டணம் இல்லை. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமானாலும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமானாலும் கொழும்பானாலும் இதுதான் விதி. ஆனால் சாப்பாடு, போர்டிங் வாடகை, பஸ் காசு, போட்டோக்கொப்பி எல்லாம் வீட்டுக் கணக்கு. அதற்குக் கைகொடுக்க இரண்டு உதவிகள் உண்டு.

மகாபொல என்ற புலமைப்பரிசில் நிதியம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானத்தில் ஒரு பங்கும் இந்த நிதியத்துக்குத்தான் போகிறது. சந்தியில் சீட்டுக் கிழிக்கிற எத்தனை பேருக்கு அது தெரியுமோ. உயர்தரப் பெறுபேறு, குடும்ப வருமானம் இரண்டையும் பார்த்துத் தெரிவு செய்வார்கள். மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பர்சரி. ஒருவர் இரண்டையும் எடுக்க முடியாது. இரண்டுமே கடன் இல்லை, திருப்பிக் கட்டத் தேவையில்லை.

2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல தவணைக்கு 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. பலர் கவனிக்காத விஷயம், வருடத்துக்குத் தவணை பத்துதான். ஆக அந்தத் தொகைப்படி மகாபொல வருடத்துக்கு 75,000 ரூபா. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 6,250. களுவாஞ்சிகுடியிலிருந்தோ கல்முனையிலிருந்தோ தினமும் பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்கு இது ஓரளவு தாங்கும். பேராதனையிலோ கொழும்பிலோ அறை எடுத்தால் வாடகையோடு முடிந்துவிடும். முதல் தவணை கைக்கு வர மாதக்கணக்கில் இழுபடுவதும் உண்டு. ஆரம்பச் செலவுக்கு வேறு காசு ஒதுக்கித்தான் ஆக வேண்டும். பரீட்சையில் தவறி அடுத்த வருடத்துக்குப் போகாவிட்டால் கொடுப்பனவு நிற்கும்.

விண்ணப்பத்தில் வருமானப் பகுதிதான் முக்கியம். வெள்ளாமை, மீன்பிடி, கூலி வேலை செய்யும் வீடுகளில் சம்பளத் துண்டு இருக்காது. அங்கே கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும்தான் சான்று. வெட்டுப்புள்ளி வரட்டும் என்று காத்திருக்காமல் அதற்கு முன்பே போய்க் கதைத்து வையுங்கள்.

அனுமதியிலும் ஒரு சலுகை உண்டு. பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பாடநெறிகளை விருப்ப வரிசையில் நிரப்பும்போது, இசட் புள்ளிக்கு (அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) பக்கத்திலேயே தங்குமிடச் செலவையும் எழுதிப் பாருங்கள். அதே பட்டம் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ இருந்தால், வீட்டிலிருந்து போய்வருவது நாலு வருடத்து வாடகையை மிச்சம் பிடிக்கும். மருத்துவம், பொறியியல் கிடைக்கிற பிள்ளையை மட்டும் தூரம் பார்த்து மறிக்காதீர்கள்.

அனுமதி கிடைக்காதவர்களுக்கு 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் குறித்த பட்டங்களைப் படிக்கலாம். வட்டியை அரசு கட்டும், வாங்கிய கடன் தொகையை மாணவர்தான் கட்ட வேண்டும். கையெழுத்துப் போட முன்னம், அந்தப் பட்டத்தோடு எங்கே வேலை கிடைக்கிறது என்று அங்கே படித்து வெளியே வந்த ஒருவரிடம் கேளுங்கள்.