பழைய துப்பாக்கிக்குப் பழைய மருந்து

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் ஏந்திய எம்1 கேரண்ட் துப்பாக்கி, எட்டாவது தோட்டா வெடித்ததும், தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்திருந்த காலி கிளிப்பை மேலே எறிந்துவிடும். மெல்லிய எஃகுத் தகடு ‘ணிங்’ என்று ஒலித்தபடி பறந்து விழும். இந்த ஓசையைக் கேட்டதும் எதிரிகள் பாய்ந்து வந்தார்கள் என்று ஒரு போர்க்காலக் கதை உண்டு. பீரங்கி முழக்கத்துக்கு நடுவே அது யார் காதில் விழுந்திருக்குமோ! அமெரிக்காவில் இந்தத் துப்பாக்கியைத் தேடி வாங்குவோருக்கு மட்டும் அந்த ஓசை சங்கீதம்.

இதை வடிவமைத்த ஜான் கேரண்ட் 1888-இல் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலையில் பணியாற்றியவர். 1936-இல் அமெரிக்க ராணுவம் இதை ஏற்றது. அதற்கு முந்தைய துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைச் சிப்பாய் கையால் இழுத்துத் தள்ள வேண்டியிருந்தது. கேரண்ட் அந்த வேலையை வாயுவிடம் ஒப்படைத்தார்.

குழலின் நீளம் 61 செ.மீ. அதன் வாயிலிருந்து சுமார் 4 செ.மீ. உள்ளே, அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை. குண்டு அதைத் தாண்டியதும், பின்னால் துரத்தி வரும் வாயுவில் கொஞ்சம் அந்தத் துளை வழியே இறங்கி, நீண்ட இயக்குத் தண்டைப் பின்னோக்கி உதைக்கிறது. வினாடிக்கு ஏறத்தாழ 850 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டுக்கு மீதித் தூரத்தைக் கடக்க வினாடியில் 20,000-இல் ஒரு பங்கு போதும். அது வெளியேறியதுமே அழுத்தம் சரிந்துவிடும். அந்த ஓர் உதையில் கிடைத்த வேகத்திலேயே தண்டு போல்ட்டைத் திருப்பித் திறக்கிறது, காலிக் கூட்டை வெளியேற்றுகிறது, சுத்தியலை மடக்குகிறது. பிறகு ஸ்பிரிங் தள்ள, முன்னே வந்து அடுத்த தோட்டாவைச் செருகுகிறது.

முதலில் செய்தவற்றில் இந்தத் துளை கிடையாது. குழல் வாய்க்கு வெளியே ஓர் உறையை மாட்டி, அதில் வாயுவைப் பிடித்தார்கள். அந்த ஏற்பாடு சரிப்படவில்லை. 1940 வாக்கில் துளைக்கு மாறினார்கள். முன்பு செய்தவற்றையும் பிரித்து மாற்றினார்கள். தப்பிப் பிழைத்தவை மிகச் சில. தோற்றுப்போன அந்த ஏற்பாட்டுக்குத்தான் இன்று சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள்.

சேர்த்து வைப்பதோடு நிற்காமல் சுடவும் ஆசைப்படுவோர் கவனிக்க வேண்டியது வெடிமருந்தை. கேரண்டுக்குரிய தோட்டா அளவின் பெயர் 30-06. இன்று கடையில் வேட்டைக்கென விற்கும் 30-06 தோட்டாவும் இதில் கச்சிதமாக நுழையும். ஆனால் கனமான குண்டுள்ள தோட்டாக்களில் மெதுவாக எரியும் மருந்து இருப்பது வழக்கம். அது எரியத் தொடங்கும் இடத்தில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில், அழுத்தம் வரம்புக்குள்தான் இருக்கும். குழல் நெடுக எரிந்துகொண்டே வருவதால், துளையை எட்டும்போதும் அழுத்தம் போதுமான அளவு தணிந்திருக்காது. இயக்குத் தண்டோ நேர்கம்பி அல்ல. குழலுக்கு அடியில் இடம்பார்த்து வளைந்து போவது. அளவுக்கு மிஞ்சிய உதை விழுந்தால் மேலும் வளைந்துவிடும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் போர்க்காலத் தோட்டாவை ஒத்த மருந்தையே தேடுகிறார்கள். இல்லையென்றால் மிகுதி வாயுவை வெளியேற்றும் திருகு ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள்.

உரிய தகுதியுள்ள அமெரிக்கக் குடிமக்களுக்கு ராணுவத்தின் பழைய கேரண்டுகளை விற்கும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் அமைப்பு அலபாமாவின் ஆனிஸ்டனில் இருக்கிறது. அவற்றில் டென்மார்க்குக்கும் கிரீஸுக்கும் போய்த் திரும்பியவை உண்டு. 1950-களில் டிராக்டர் நிறுவனமான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் செய்தவையும் உண்டு. ஓஹையோவில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் கேரண்டுக்கென்றே தனிப் போட்டி நடக்கிறது.

அங்கே புதிதாக வருபவருக்குக் கற்றுத்தரும் பாடங்களில் ஒன்று, கிளிப்பை நுழைக்கும் விதம். கட்டைவிரலால் அழுத்தி இறக்கும்போது, உள்ளங்கையின் விளிம்பு இயக்குத் தண்டின் கைப்பிடியைத் தடுத்து நிற்க வேண்டும். கிளிப் அமர்ந்ததும் போல்ட் விடுபட்டு முன்னே பாயும். விரலை எடுக்கத் தாமதித்தவருக்கு நகம் கறுத்துவிடும். அந்தக் காயத்துக்குப் பெயரே ‘எம்1 கட்டைவிரல்’.