சிலுவையில் கடன் ரசீதா?

பெரிய வெள்ளி நெருங்கினால் போதும், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஆறாவதான 'முடிந்தது' என்பதைப் பற்றிப் பிரசங்கிக்க யாருக்கு விழுந்ததோ அவர் போன் செய்துவிடுவார். "ஐயா, அந்தக் காலத்துல கடன் அடைச்ச ரசீதுல 'தெதெலெஸ்தாய்'னு முத்திரை குத்துவாங்களாமே?" கிரேக்கம் கற்பிப்பவனிடம் வேறு யாரிடம் கேட்பதைவிடத் தயக்கமில்லாமல் கேட்பார்கள். 'முடிந்தது' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்தான் 'தெதெலெஸ்தாய்'. அப்படியானால் இயேசு சொன்னது 'கடன் தீர்ந்தது' என்பதா என்பதுதான் கேள்வி. சரி, எழுதியே வைத்துவிடுகிறேன்.

1914 முதல் 1929 வரை பகுதி பகுதியாக வந்த மோல்டன்-மில்லிகன் என்ற புதிய ஏற்பாட்டுக் கிரேக்கச் சொல்லகராதியில் இந்தச் செய்தி இருக்கிறது. ஆனால் எகிப்தில் கிடைத்த அந்தப் பாப்பிரஸ் (நாணல் தாள்) சீட்டுகளில் இருப்பது 'தெதெல்' என்ற சுருக்கம். அவை சுங்கச்சாவடிச் சீட்டுகள். அதனால் இன்றைய ஆய்வாளர்கள் அதைத் 'தெதெலோனேதாய்', அதாவது 'சுங்கம் கட்டியாயிற்று' என்றே விரிக்கிறார்கள். அது வேறு வினை. ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்), ஆயத்துறை என்று நம் வேதாகமத்தில் வரும் சொற்களின் குடும்பம்.

யோவான் 19:30-இல் உள்ள வினை 'தெலெஓ': முடிப்பது, நிறைவேற்றுவது. வரி கட்டுவதற்கும் அது வரும், உண்மைதான். மத்தேயு 17:24, ரோமர் 13:6 இரண்டிலும் வருகிறது. ஆனால் அங்கே என்ன வரி என்பது கூடவே நிற்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. இரண்டு வசனம் முன்னால், 28-இல், 'எல்லாம் முடிந்தது' என்று இதே சொல் இதே வடிவில் இருக்கிறது. அடுத்ததே வேதவாக்கியம் நிறைவேறுவதைப் பற்றிய பேச்சு. அங்கே 'எல்லாம் கட்டியாயிற்று' என்று போட்டுப் படித்துப் பாருங்கள், ஒட்டாது. வேதாகமச் செயலியில் இந்த வினைக்கான ஸ்ட்ராங் அகராதி எண் 5055-ஐத் தட்டினால் 'கடன் தீர்த்தல்' என்றும் காட்டும். அகராதியில் உள்ள அர்த்தமெல்லாம் ஒரே வசனத்துக்குள் வந்து உட்காராது.

எனக்குப் பிடித்தது அதன் இலக்கணம். முன்னால் இரட்டித்த 'தெ', கடைசியில் 'தாய்': நிறைவுக்காலம், செயப்பாட்டுவினை, படர்க்கை ஒருமை. செயல் முடிந்து, அதன் விளைவு பேசும் நேரத்தில் நிற்கிறது என்று பொருள். சோதனைக்காரனிடம் இயேசு சொல்லும் 'எழுதியிருக்கிறதே' (மத்தேயு 4:4) அச்சாக இதே வடிவம். தமிழிலும் அந்த 'இருக்கிறது' அதே வேலையைத்தான் செய்கிறது.

அப்புறம், நிறைவுக்காலம் என்றாலே 'என்றென்றைக்கும்' என்று சிலர் நீட்டுவார்கள். சிலுவையின்மேல் வைத்த பலகையைப் பற்றி 'நான் எழுதினது எழுதினதே' என்று யோவானின் அதே 19-ஆம் அதிகாரத்தில் பிலாத்து சொல்வதும் நிறைவுக்காலம்தான். அவன் பலகை நித்தியமா என்ன?

மீட்பின் கிரயத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மாற்கு 10:45 இருக்கிறது. அங்கே 'மீட்கும்பொருள்' என்ற சொல்லே இருக்கிறது, ரசீது தேட வேண்டியதில்லை.