மார்கழி உதடு: குளிரைவிட நாக்கைக் கவனியுங்கள்

டிசம்பர் பிறந்ததும் என் கிளினிக்குக்கு ஒரு வகை நோயாளிகள் வரத் தொடங்குவார்கள். கைப்பைக்குள் மூன்று நான்கு லிப் பாம் இருக்கும். "எல்லாம் போட்டுப் பாத்துட்டேன் டாக்டர், உதடு வெடிக்கிறது நிக்கவே இல்ல." ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைப்பார்கள். நான் அவற்றைப் பிறகுதான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, பேசும்போது அவர்கள் நாக்கு எங்கே போகிறது என்று.

போன மார்கழியில் வந்த பெண் புல்லாங்குழல் கற்பவள். இரண்டு வாரத்தில் ஒரு சபாவில் மாலை 4 மணிக் கச்சேரி. கீழுதட்டின் நடுவில் நெட்டுக்கு ஒரு பிளவு. குழலை வைத்து ஊத ஆரம்பித்தால் அது திறந்து ரத்தம் கசிகிறது. வாயைச் சுற்றி, நாக்கு நுனி எட்டும் தூரம் வரைக்கும், சிவப்பாக ஒரு வளையம். அம்மா கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் 14 முறை அந்தப் பெண்ணின் நாக்கு வெளியே வந்து உதட்டை நனைத்துவிட்டு உள்ளே போனது. சொன்னேன். "நானா?" என்றாள். கேட்ட கையோடு மறுபடி நனைத்தாள்.

உதட்டில் வியர்வைச் சுரப்பி கிடையாது. எண்ணெய்ச் சுரப்பியும் இல்லாத மாதிரிதான். மேல்தோலும் மிக மெல்லியது. அதனால் உள்ளிருக்கும் ஈரம் சுலபமாக வெளியேறுகிறது. எச்சில் தடவினால் ஒரு நிமிடம் இதமாக இருக்கும். அது காயும்போது உதட்டின் ஈரம் இன்னும் குறைந்துவிடும். சோற்றைச் செரிக்க வைக்கும் நொதிகளும் அந்த எச்சிலில் உண்டு. ஏற்கெனவே வெடித்த தோலை அவை இன்னும் எரிய வைக்கும். எரிந்தால் நாக்கு மறுபடி வரும்.

குளிருக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. ஊட்டி, கொடைக்கானல் போனவர்களுக்கு அது தெரியும். குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது; அதோடு மலை உயர உயரப் புற ஊதாக் கதிரும் கூடுகிறது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். வெயில் சுடவில்லையே என்று ஏமாந்து, மூன்றாம் நாள் உதடு உரிந்து வீடு திரும்புவோம். ஆனால் சென்னை மார்கழியில் விடியற்காலையில்கூட 20, 21 டிகிரிதான். வாசலில் கோலமாவு ஈரத்தில் ஒட்டுகிற ஊர் இது. இங்கே காற்று காய்ந்து கிடப்பது வெளியில் அல்ல, ஏசி அறைக்குள். ஏசி குழாய்க்குக் கீழே பக்கெட் வைத்திருப்பீர்கள். காலையில் அது பாதி நிரம்பியிருக்கும். ராத்திரி முழுக்க உங்கள் அறைக் காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர் அது. சளியில் மூக்கு அடைத்து வாயைத் திறந்து தூங்குபவருக்கு உதடு வெடிக்காமல் என்ன செய்யும்?

வைத்தியம் என்று பார்த்தால், எல்லா வீட்டுப் பாட்டியும் சொல்வது தொப்புளில் எண்ணெய். தொப்புளிலிருந்து உதட்டுக்கு எந்தக் குழாயும் போகவில்லை. இருந்தாலும் பாட்டியோடு நான் சண்டைக்குப் போவதில்லை. தொப்புளில் வைத்த விரலில் மிச்சமிருக்கும் தேங்காய் எண்ணெயை உதட்டிலும் தடவிவிடச் சொல்கிறேன். நெய்யும் பரவாயில்லை. எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டுத் தேய்ப்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். புண்ணில் உப்புக் காகிதம் போடுவதற்குச் சமம்.

நான் எழுதித் தருவது மணமில்லாத, நிறமில்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. அமெரிக்காவில் 1872-ல் காப்புரிமை வாங்கிய பழைய சரக்கு. அது தானாக ஈரம் தராது, இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைக்கும். அதனால் காய்ந்த உதட்டில் தடவினால் பயன் குறைவு. நல்ல தண்ணீரால் உதட்டை நனைத்து, துண்டால் ஒற்றி, லேசாக ஈரம் இருக்கும்போதே ஓர் அரிசி மணி அளவு எடுத்துப் பூசுங்கள். பல் தேய்க்கும் முன், சாப்பிட்ட பின், ஏசி அறைக்குள் போகும் முன், படுக்கும்போது கொஞ்சம் கெட்டியாக. "ஜில்"லென்று இருக்கும் மென்தால், கற்பூரம் கலந்தவை வேண்டாம். ஸ்ட்ராபெரி வாசனையும் வேண்டாம், அது நாக்கை வா வா என்று கூப்பிடும்.

குழல்காரப் பெண்ணுக்கு இதில் ஒரு சிக்கல். ஜெல்லி இருந்தால் முகரந்திரம், அதாவது குழலில் வாய் வைத்து ஊதும் துளை, வழுக்குகிறதாம். சாதகத்துக்கு முன் துடைத்துவிட்டு, முடித்த உடனே பூசச் சொன்னேன். 10 நாளில் பிளவு மூடியது. நாக்கு மட்டும் இன்னும் வருகிறது, பாதி வழியில் அவளே பிடித்துவிடுகிறாள்.

இவ்வளவு செய்தும் அடங்காவிட்டால் டூத்பேஸ்டைச் சந்தேகப்படுங்கள். புதினா, லவங்கப்பட்டை வாசனை சிலருக்கு ஒவ்வாது. லிப்ஸ்டிக்கும் அப்படியே, உதடு கறுப்பதற்கும் சில சமயம் அதுவே காரணம். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் சாப்பிடுபவர்களுக்கு உதடு காயாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வாய் ஓரம் மட்டும் வெடித்தால் அது வேறு கதை: பூஞ்சைத் தொற்று, இரும்புச்சத்துக் குறைவு, சர்க்கரை நோய், சரியாகப் பொருந்தாத பல்செட். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும், மூன்று மருந்து கலந்த ஸ்டீராய்டு ட்யூபை மட்டும் தயவுசெய்து உதட்டில் வைக்காதீர்கள். நாலு நாள் பளிச்சென்று இருக்கும், விட்டதும் வாயைச் சுற்றிக் கொப்புளமாக வெடிக்கும். அதைச் சரிசெய்ய எனக்கு மாதக்கணக்கு ஆகிறது.

காசிமேட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கீழுதட்டில் வெள்ளையாக ஒரு திட்டு, தொட்டால் சொரசொரப்பு, நடுவில் ஆறாத புண். "பனிப்புண்ணு டாக்டர்" என்றார். அவர் வந்தது பங்குனி மாதம்! நாற்பது வருஷம் கடல் வெயில், கூடவே பீடி. இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத உதட்டுப் புண்ணைப் பனிமேல் பழி போட்டு விடக் கூடாது, புற்றாகவும் இருக்கலாம். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தோம். நல்ல வேளை, வெயில் தின்ற தோல், புற்றாக மாறுவதற்கு முந்தைய கட்டம். சிகிச்சை முடிந்து, பீடியை விடச் சொல்லி, வெயிலைத் தடுக்கும் எஸ்பிஎஃப் 30 உள்ள லிப் பாம் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த முறை வந்தபோது லுங்கி மடிப்பிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். "கூட வர்ற பசங்க லிப்ஸ்டிக்கு போட்டுனு வரேன்னு கலாய்க்கிறானுங்க டாக்டர். போட்டும், இன்னொண்ணு எழுதிக் குடுங்க."