ஜன்னலுக்கு மை வைத்துப் பாருங்கள்

ஏற்காட்டில் வீடு கட்டும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “மலைப் பனிக்கு அலுமினிய ஜன்னல் தாங்குமா? அதன் சட்டத்துக்கு நல்ல செக்‌ஷனை எப்படிக் கண்டுபிடிப்பது?”

பாதி விடை அவர் காலடியிலேயே கிடக்கிறது. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் தாதுதான் மேட்டூர் ஆலைக்கு இறங்கிப்போய் அலுமினியம் ஆனது. மண்ணில் ஆக்சிஜனோடு பிணைந்து கிடந்த உலோகத்தை மின்சாரம் கொட்டிப் பிரிக்கிறோம். அதுவோ காற்று பட்டவுடன் மறுபடி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. இரும்புத் துரு உதிரும். இந்த ஆக்சைடு உதிராமல் தோலாக மூடிக் காக்கும். ஆனால் அதன் தடிமன் சில நானோமீட்டர்தான்.

அந்தத் தோலை வேண்டுமென்றே தடிக்க வைப்பதுதான் அனோடைசிங். கந்தக அமிலத் தொட்டியில் செக்‌ஷனை நேர்மின்முனையாகத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், உலோகத்தின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறும். பெயின்ட் மேலே பூசுவது. இது உள்ளிருந்து வளர்வது. வளரும்போதே அமிலம் கொஞ்சம் கரைக்கும். கட்டுவதும் கரைப்பதுமான அந்த இழுபறியில் தேன்கூடு மாதிரி கோடிக்கணக்கில் நுண்துளைகள் எழும்பும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. நிறம் கொடுக்கும் சாயம் அந்தத் துளைகளுக்குள்தான் இறங்குகிறது. பிறகு கொதிநிலையை ஒட்டிய வெந்நீரில் முக்கினால் ஆக்சைடு நீரை ஏற்று உப்பி, துளைகளின் வாயை அடைத்துவிடும். இதுதான் சீலிங்.

காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கைவைப்பது இந்தக் கடைசிப் படியில்தான். வெட்டுத்துண்டு ஒன்றை வாங்கி, அதில் ஒரு சொட்டுப் பேனா மை விட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடையுங்கள். கறை நின்றால் துளைகள் திறந்திருக்கின்றன என்று சந்தேகப்படலாம். மழை படும் ஜன்னலுக்கு ‘ஏசி 25’ கேளுங்கள். அந்த ஆக்சைடுத் தோலின் தடிமன் சராசரி 25 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று பொருள். ஜன்னல் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று வாஸ்துக்காரருக்குப் பணம் கொடுப்பவர்கள், மைக்ரான் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை!

கேஜ் என்னும் உலோகத் தடிமன், கண்ணாடியைப் பிடிக்கும் ரப்பர் பீடிங், மழைநீர் வெளியேறும் துளை எல்லாம் கண்ணாலேயே தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண இரும்புத் திருகு மட்டும் வேண்டாம். பனி ஈரத்தில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அது ஒரு குட்டி பேட்டரி. அதில் அரிபடுவது பெரும்பாலும் அலுமினியம்தான்.

பனியைவிடப் பெரிய எதிரி கொத்தனாரின் கரண்டி. ஈரச் சிமென்ட்டின் காரம் ஆக்சைடைக் கரைத்து வெள்ளைத் தழும்பு விட்டுப்போகும், தேய்த்தாலும் போகாது. பூச்சு வேலை முடியும்வரை பிளாஸ்டிக் உறையை உரிக்காதீர்கள். முடிந்த அன்றே உரித்துவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் அதன் பசை இறுகி ஒட்டிக்கொள்ளும்.